தடவுகிற விதம்

கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பீங்கான் என்றுதான் கூப்பிடுவார்கள். பீங்கான் அக்கா, பீங்கான் மேடம், சாப்பாட்டு நேரத்தில் வெறும் பீங்கான். கன்னத்தில் ஒரு புள்ளி கிடையாது, ஒரு குழி கிடையாது, வழித்து வைத்த மாதிரி ஒரு முகம். வேலை கேட்டு வந்த அன்று மேலாளர் அந்த முகத்தைப் பார்த்தார், மேசைமேல் அவள் வைத்த சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நாளைக்கே வந்துடும்மா" என்றார். படித்த படிப்பெல்லாம் உறைக்குள்ளேயே வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று.

அந்த முகம் அவள் அம்மா கொடுத்தது. அம்மா ஆயுசுக்கும் குளிக்கிற சோப்பைத் தவிர வேறொன்றையும் முகத்தில் காட்டியதில்லை. ஆனால் கடையில் அப்படிச் சொன்னால் பிழைப்பு என்ன ஆவது? கீழ்த்தளத்தில், நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் சொன்னது வேறு: "என் முகத்தைப் பாருங்க மேடம். நான் இதைத்தான் போடுறேன்."

இது என்பது தங்கமூடி. டப்பாவில் நீளமாக என்னவோ பெயர் போட்டிருந்தது. யாருக்கும் வாயில் நுழையாததால் மூடியின் நிறத்தை வைத்தே எல்லாரும் அதைக் கேட்டார்கள். பேருந்தின் முதுகில் தங்கமூடி, கைபேசியைத் திறந்தால் தங்கமூடி. விளம்பரத்தில் ஒரு பெண் மங்கு விழுந்த முகத்தோடு படுத்து, சுத்தமான முகத்தோடு எழுந்திருப்பாள். இடையில் தூங்கியது மட்டும்தான் அவள் செய்த வேலை. ஊரே அதை நம்பியது. நம்பாதவர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று வாங்கிவைத்தார்கள்.

வாங்கியவர்களில் பலர் திரும்பி வருவார்கள். டப்பா காலி, முகம் மட்டும் பழையபடி. அதற்கென்றே கம்பெனியிலிருந்து ஒரு பயிற்சிக்காரி வந்து மேசைக்காரிகளுக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போயிருந்தாள். கிரீமைப் பற்றி ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: மேல்நோக்கித் தடவினீங்களா, வட்டமாத் தடவினீங்களா? மேல்நோக்கி என்று சொன்னால், "அதான் மேடம், வட்டமாத் தடவணும்." வட்டமாக என்று சொன்னால், "அதான் மேடம், மேல்நோக்கித் தடவணும்." அவ்வளவுதான் வித்தை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடம்தான் கோணல், ஆடுகிறவளின் காலைக் குறை சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெண்களும் சண்டை போடாமல் தங்கள் விரலையே ஒரு தரம் பார்த்துக்கொண்டு இன்னொரு டப்பா வாங்கிப் போனார்கள்.

அவளுக்கு இது உறுத்தவில்லையா என்றால், முதலில் உறுத்தியது. நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவளுக்குக் கால் வலிதான் பெரிய வலி. மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டில் அண்ணி இருந்தாள். பீங்கானுக்குப் பேசிய கல்யாணம் ஒன்று பத்திரிகை அடிக்கிற நேரத்தில் நின்றுபோனதிலிருந்து அவள் அண்ணன் வீட்டில்தான். அண்ணன் வெளிநாட்டில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வெல்டர். அவன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். ஆக, இரண்டு அறையில் இரண்டு பெண்கள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் என்றால் ஊர் வேறு மாதிரி எதிர்பார்க்கும். அண்ணி அந்த எதிர்பார்ப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள். காலையில் டிபன் டப்பாவைக் கட்டிக் கையில் கொடுப்பாள், சாயங்காலம் வெந்நீர் வைத்து, "காலை வச்சுக்கோ" என்பாள். பக்கத்து வீடுகளில், "எங்க வீட்டுப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெருமை பேசுவாள். பீங்கானை வாழ்க்கையில் வேறு யாரும் அப்படி நம்பியதில்லை.

அண்ணி வீட்டிலேயே தைப்பாள். பள்ளிக்கூடச் சீருடை, காலர் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது. மிஷின் ஜன்னலை ஒட்டி இருந்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக அவளுடைய இடது கன்னத்தில் விழும். வருஷக்கணக்காக விழுந்ததில் இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்தது, இடது கன்னத்தில் கூடுதலாக. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அண்ணன் வீடியோவில் பேசும்போது, "என்னடி, மூஞ்சி கழுவலையா? அழுக்கா இருக்கு" என்று கேட்டுவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டான், அப்புறம் பணம் வந்ததா என்று கேட்டான். அண்ணி போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கழுவினால் போகாது என்று தெரிந்தும் கழுவினாள்.

அன்றைக்கே கேட்டாள். "ஏம்மா, அந்தத் தங்கமூடி எனக்கு ஒண்ணு கொண்டு வாயேன். உங்க அண்ணன் வர்றதுக்குள்ள இது கொஞ்சம் மங்கினாப் போதும்."

"ஸ்டாக் இல்ல அண்ணி."

மறுவாரமும் ஸ்டாக் இல்லை. அதற்கும் மறுவாரம் அண்ணி பஸ் பிடித்துக் கடைக்கே வந்து நின்றாள். வாடிக்கையாளர் ஒருத்தியிடம் நாத்தனார், "நான் இதைத்தான் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டாள். கண்ணாடி மேசையில் தங்கமூடி அடுக்கடுக்காக இருந்தது. "வந்துடுச்சு போலிருக்கே!" என்றாள் சந்தோஷமாக. கையும் களவுமாகப் பிடிபட்டவளிடம் இப்படிச் சிரித்துக்கொண்டு பேச அண்ணியால்தான் முடியும். பீங்கான் ஒரு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றார், அது ஒரு காரணம். வீட்டில் சொல்லியிருக்கலாமே? வீட்டில் சொன்னால் எங்க வீட்டுப் பொண்ணு என்கிற பெருமை அன்றோடு சரி. அது பெரிய காரணம்.

அண்ணி தவறாமல் தடவினாள். டப்பா தீர்ந்தது, மங்கு தீரவில்லை. ஒரு சாயங்காலம் பீங்கான் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின பாதத்தை அமுக்கிக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒரு டப்பா முழுசா முடிஞ்சிடுச்சு. அப்படியேதான் இருக்கு. ஏன்?"

"எப்படித் தடவினீங்க? மேல்நோக்கியா, வட்டமாவா?"

"மேல்நோக்கித்தான்."

"அதான். வட்டமாத் தடவணும்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாளெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கடை எது வீடு எது என்று அதற்கு என்ன தெரியும்? தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அண்ணியின் முகம் தெளிந்திருந்தது. "அட, அவ்வளவுதானா! நான் ஒரு மக்கு. உன்னை முதல்லயே கேட்டிருக்கணும்" என்றாள்.

அந்த நிம்மதியைப் பீங்கான் எத்தனையோ முகத்தில் பார்த்திருக்கிறாள். பார்த்த முகமெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விடும். இந்த முகம் போகவில்லை. எதிரே உட்கார்ந்து அவளுக்குச் சோறு போட்டது.

அண்ணி இன்னொரு டப்பா கொண்டுவரச் சொல்லி வாங்கி, வட்டமாகத் தடவினாள். தடவினாள் என்பதா, தேய்த்தாள் என்பதா? காலையில் தேய்த்தாள், படுக்கப் போகும்முன் தேய்த்தாள், நடுவில் ஊசியில் நூல் கோத்துவிட்டு ஒரு தரம் தேய்த்தாள். வாரக்கணக்கில் தேய்த்ததில் கன்னம் சிவந்தது. சிவந்த இடம் உரிந்தது. உரிந்த இடத்தில் ஜன்னல் வெயில் பட்டு, பழுப்பாக இருந்தது கறுப்பாகத் திரும்பியது. பீங்கான் பயந்துபோய்க் கடையிலேயே இருந்த மருந்துப் பிரிவுக்காரியிடம் யாருக்கோ என்பது போல விசாரித்தாள். "முதல்ல வெயில் படாம இருக்கச் சொல்லு. கண்டதைத் தேய்க்காம டாக்டரைப் பாக்கச் சொல்லு" என்றாள் அவள்.

டாக்டர் என்றதும் அண்ணி சிரித்தாள். "காய்ச்சலா, தலைவலியா? மூஞ்சிக்கெல்லாமா டாக்டர்?" மிஷினை உள்பக்கம் நகர்த்த மட்டும் ஒப்புக்கொண்டாள். அங்கே வெளிச்சம் போதாமல் ஒரு காலர் கோணலாகப் போய், தைக்கக் கொடுத்தவள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். மிஷின் மறுபடி ஜன்னலுக்கு வந்தது.

அண்ணன் வருவதற்கு நாள் நெருங்கியது. அதற்குமேல் பீங்கானால் பொறுக்க முடியவில்லை. அண்ணி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மூடியைத் திருகும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் அண்ணி. அதுல ஒண்ணும் இல்ல. அது சும்மா."

"சும்மாவா? அப்ப உன் முகம்?"

"இது எங்க அம்மா முகம். நான் அந்தக் கிரீமைத் தொட்டதே இல்ல. எல்லாம் பொய்."

 அண்ணி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "கடையில நீ சொன்னதை நான் என் காதால கேட்டேனே. எனக்கு வரலையேன்னு வருத்தப்பட்டு இப்படிச் சொல்றே. விடு. எனக்குக் கை சரியா வரல, அவ்வளவுதான். அதுக்கு நீ ஏன் அழறே?"

கடையில் அவள் சொன்ன பொய் அத்தனையும் விலைபோயிற்று. சொன்ன ஒரே உண்மை போணியாகவில்லை.

அண்ணன் வந்தான். பெட்டியைத் திறந்தான், துணிகளைக் கொடுத்தான், தூங்கினான். அண்ணியின் முகத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவனுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. அவன் இருந்த அந்த ஒரு மாதமும் அண்ணி அவனுக்கு இடதுகைப் பக்கமாகவே நின்று பரிமாறினாள், இடதுகைப் பக்கமாகவே நடந்தாள், படுக்கையைக்கூட இடம் மாற்றிப் போட்டாள். தன் வலது கன்னம் மட்டும் அவன் கண்ணில் படவேண்டும் என்று அவ்வளவு ஏற்பாடு. அவனுக்கு அது தெரியவே இல்லை. பீங்கானுக்குத் தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்துபோனாள்.

வருஷங்கள் போயின. தங்கமூடி போய் வெள்ளிமூடி வந்தது, அதுவும் போய் மூடியே இல்லாத அமுக்குக் குப்பி வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை. அண்ணி எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாள். நாத்தனாரைக் கேட்டால் வருத்தப்படுவாள் என்று வெளியில் முழு விலை கொடுத்து வாங்கினாள். மங்கு கன்னத்தை விட்டு மூக்கின் மேல் ஏறி நின்றது.

பீங்கானுக்கும் வயது நின்றுகொண்டிருக்கவில்லை. ஒரு காலை, மேசை விளக்கின் கீழே நிற்கும்போது புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னாள்: "அக்கா, கன்னத்துல ஏதோ ஒட்டியிருக்கு." கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. பூச்சு போட்டு மறைத்தாள். நாளாக நாளாகப் பூச்சு தடித்தது. மத்தியானத்தில் வியர்த்து வெடிப்பு விட்டது. மேற்பார்வையாளர் ஒரு நாள் கூப்பிட்டு, மனது நோகாத குரலில், மூன்றாம் மாடியில் போர்வைப் பிரிவுக்கு ஆள் தேவைப்படுகிறது என்றார். போர்வை விற்க முகம் வேண்டாம். எந்த முகத்தைப் பார்த்து வேலைக்கு எடுத்தார்களோ அதே முகத்தைப் பார்த்து மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே யாரும் அவளைப் பீங்கான் என்று கூப்பிடவில்லை. புதிதாக வேறு பெயரும் யாரும் வைக்கவில்லை.

கீழே மேசையைக் காலி செய்யும்போது, பாதி தீர்ந்த பழைய சாம்பிள் டப்பா ஒன்று பையோடு வந்துவிட்டது. வந்துவிட்டது என்ன, எடுத்துப் போட்டாள்.

வீட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அதைத் திறந்தாள். அதில் ஒன்றுமில்லை என்று இந்த உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும் என்றால் அது இவளுக்குத்தான். தெரிந்தும் ஒரு விரல் எடுத்தாள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. கன்னத்தில் வைத்து இழுத்தாள். திரும்பிப் பார்த்தால் கதவருகே அண்ணி, கையில் பாதி தைத்த சட்டையோடு.

திட்டுவாள் என்று நினைத்தாள். அன்றைக்கு எல்லாம் பொய் என்றாயே, இப்போது என்ன என்று கேட்பாள், கேட்கட்டும், நாலு அறை அறைந்தாலும் தகும் என்று நினைத்தாள். அண்ணி சட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கறுத்துத் தடித்துப்போன கன்னம் பீங்கானுக்கு நேர் எதிரே இருந்தது.

"எப்படித் தடவினே? மேல்நோக்கியா?"

"ஆமா அண்ணி."

"அதான்" என்றாள் அண்ணி. டப்பாவை வாங்கிக் கொஞ்சம் விரலில் எடுத்து, நாத்தனாரின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நோகாமல் வட்டமாகத் தடவத் தொடங்கினாள். "எனக்குத்தான் கடைசிவரைக்கும் கை வரல. உனக்காவது வரட்டும்."

பீங்கானின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. உண்மையையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று.

"அழாதேம்மா" என்று அண்ணி முந்தானையால் ஒற்றி எடுத்தாள். "கிரீம் கரைஞ்சிடும்."