அத்தானிடம் மிஞ்சிய கிரேக்கச் சொற்கள்

பக்கவாதம் வந்து ஒரு கிழமைக்குப் பிறகு அத்தான் முதன்முதலாக வாய் திறந்தபோது, நானும் அக்காவும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றோம். அக்கா ஈரப்பஞ்சால் அவருடைய உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அவர் கண் விழித்துக் கூரையைப் பார்த்து, "மலாக்கா" என்றார். ஒரு குழறலும் இல்லை. இருவரும் குனிந்தோம். மறுபடியும் அதே சொல். பிறகு வந்த நாட்களில் "கமோத்தோ", "ஸ்காத்தா" என்று இன்னும் இரண்டு சொற்கள் வந்தன. தண்ணீர் கேட்பதும் வலியைச் சொல்வதும் எல்லாம் இந்த மூன்றாலும்தான். தமிழில் ஒரு சொல்லும் திரும்பவில்லை. அக்காவின் பெயரும் திரும்பவில்லை.

அத்தான், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், டான்போர்த் வீதியில் ஒரு கிரேக்க உணவகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். கோப்பை கழுவப் போய், இறைச்சி வாட்டும் அடுப்புக்கு உயர்ந்தார். டோர்செட் பார்க்கில் இருந்த அவர்களின் அப்பார்ட்மெண்டுக்கு நான் போகும்போதெல்லாம் அவர் வேலையால் வந்து குளித்து, சாப்பிட்டு, செய்தி பார்த்தபடி கதிரையிலேயே தூங்கிப்போவார். அதிர்ந்து பேசாத மனுசன் என்றுதான் எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர். அந்த மௌனத்தோடு அக்கா ஒருவாறு ஒத்துப்போயிருந்தாள். இப்போது அவர் பேசினார். பேசியது அவளுக்கு விளங்கவில்லை.

ஒருநாள் லிப்ட்டுக்குள் வைத்து அக்கா என்னிடம் கேட்டாள். "உந்த மலாக்கா எண்டவள் ஆரடி?"

நான் சிரித்திருக்கலாம். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. அவள் எத்தனையோ நாளாக அதை மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறாள். நான் உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்து, அத்தானோடு வேலை செய்த தலைமைச் சமையல்காரரை அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். தொலைபேசியில் சொல்ல முடியாது, நேரில் வருகிறேன் என்றார்.

அத்தானை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் கிழமையே அவர் வந்தார். நரைத்த மீசையும் சூடுபட்ட தழும்புகள் நிறைந்த கைகளுமாக ஒரு கிழவர். சமையலறையில் உட்கார்ந்து, இரண்டு பெண்களுக்கு முன்னால் சொல்லக் கூசி, மேசையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். மலாக்கா என்றால் சுயஇன்பம் செய்கிறவன். ஆனால் அந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லையாம். வீதியில் காரை வெட்டி ஓட்டுகிறவனும் மலாக்கா, உயிர்ச் சிநேகிதனும் மலாக்கா, குரலைக் கேட்டுத்தான் எது என்று பிடிக்க வேண்டுமாம். ஸ்காத்தா என்றால் மலம். கமோத்தோ என்பது புணர்ச்சியைச் சொல்லும் கெட்ட சொல், கை சுட்டால் தானாக வாயில் வருவது. அத்தான் தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு இடது கையை விரித்துக் காட்டுவதைப் பற்றியும் கேட்டேன். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். முகத்துக்கு நேரே விரித்த உள்ளங்கை அவர்கள் நாட்டில் தூசணத்துக்குச் சமம். அக்காவோ, அவர் ஆசீர்வதிக்கிறார் என்று வந்த சனத்துக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீட்டில ஒரு தூசணம் கதைக்காத மனுசன்," என்றாள் அக்கா. "வேலையில இப்பிடித்தான் கதைப்பாரோ எண்டு கேள்."

கேட்டேன். கிழவரின் முகம் மலர்ந்தது. "அவன் நின்றால் குசினி முழுக்கச் சிரிப்பு," என்றார். "எங்களைவிட நன்றாகத் திட்டுவான். வயிறு நோகச் சிரிப்போம்."

அதை நான் தமிழில் சொன்னபோது அக்கா எழும்பிப் போய் அடுப்பைத் துடைத்தாள். மலாக்கா ஒரு பெண்ணாக இருந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு கிழவர் அறைக்குள் போனார். கதவுக்கு வெளியே நாங்கள் நின்றோம். "எலா, மலாக்கா," என்றார் அவர். வாடா என்று அர்த்தமாம். அத்தான் திரும்பிப் பார்த்து, "மலாக்கா" என்றார். அரைமணி நேரம் அந்தச் சில சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லி இருவரும் பேசினார்கள். கோபமாக, கெஞ்சலாக, கேலியாக. கடைசியில் அத்தான் அழுதார்.

பேச்சுப் பயிற்சி தர வருகிற பெண் சொன்னாள், யோசித்துக் கோர்க்கிற சொற்கள் மூளையில் ஓரிடத்தில் இருக்கும், நோவிலும் கோபத்திலும் வெடிக்கிற சொற்கள் வேறோரிடத்தில் இருக்கும், அவருக்கு முதலாவது இடம் போய்விட்டது என்று. அக்கா கவனமாகக் கேட்டாள். "தமிழில ஒரு சொல்லும் மிஞ்சேல்லை. அப்ப என்னில அவருக்குக் கோபமே வரேல்லையோ?" என்று என்னிடம் கேட்டாள். 

ஒரு மத்தியானம் கஞ்சி பருக்கும்போது அத்தான் கரண்டியைத் தட்டிவிட்டு, "மலாக்கா" என்றார். அக்கா சிந்தியதைத் துடைத்தாள். "ஓம் மலாக்கா, இன்னும் ரெண்டு கரண்டிதான்," என்றாள். அத்தான் அவளையே பார்த்தார். முகத்தின் ஒரு பக்கம் மெல்லச் சிரித்தது. அன்று முதல் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் அப்படித்தான் பேசினார்கள். மாரி முடிவதற்குள் இரண்டாவது பக்கவாதம் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டில் பேசிய எல்லோரும், ஒரு கெட்ட வார்த்தை பேசியறியாதவர் என்றே சொன்னார்கள். அக்கா மறுக்கவில்லை.

போன மாதம் நான் வசிக்கும் விட்பியிலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தேன். அந்த உணவகத்துக்குக் கூட்டிப்போ என்றாள். அத்தனை வருடத்தில் அத்தான் அவளை ஒருநாளும் அங்கே கூட்டிப்போனதில்லை. கிழவர் ஓய்வு பெற்றுவிட்டார். எங்களைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. வெளியாட்களைப் போல உட்கார்ந்து தேநீர் வாங்கினோம். அக்கா குசினிக் கதவுக்குக் கிட்ட இருந்த மேசையைத் தெரிந்தெடுத்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் பாத்திரச் சத்தமும் இளவட்டங்களின் கத்தலும் வந்தன. ஒருவன் எதையோ சொல்லித் திட்ட, உள்ளே இருந்தவர்கள் ஒன்றாகச் சிரித்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

"தேத்தண்ணி ஆறுது அக்கா," என்றேன்.

"கொஞ்சம் பொறு," என்றாள் அவள், கதவைப் பார்த்தபடி. "திரும்பத் திறப்பினம்."