சயனைடு மேட்டில் பிழைத்த சவுக்கு

தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த நந்திதுர்க் சயனைடு மேட்டில் என்னென்ன செடிகள் முளைக்கின்றன என்று பார்க்க, பெங்களூரிலிருந்து ஒரு தாவரவியல் பேராசிரியை வந்திருந்தார். வெயிலில் கன்றிய முகம். எந்த இலையையும் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்த பிறகே பேசுவார்.

சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்ட என் மாமா, மேட்டு மண் வீட்டுக்குள் பறந்து வராமலிருக்க அங்கே கன்றுகள் நட்டிருந்தார். ஒரு சவுக்கு மட்டுமே பிழைத்திருந்தது.

“பலா, பூவரசு, வாதுமைன்னு விதவிதமா வச்சேம்மா. இன்னாத்துக்கு எல்லாம் செத்துப்போச்சு?”

“குலம்தான் வேற வேற. குணம் ஒண்ணு. எல்லாமே தண்ணி கேக்குற அகல இலை,” என்றவர், சவுக்கை வேரோடு பிடுங்கினார்.

“அம்மா, அது ஒண்ணுதானே பொழைச்சுது!”

“அதனாலதான் வேணும்.”

மாமா இருமியபடியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பேராசிரியை அவரைப் பார்க்கவில்லை. கன்றை ஆய்வு மாதிரியாக அழுத்தி உலர்த்த, செய்தித்தாளில் கிடத்தி, ஒரு கிளைகூட முறியாமல் நீவிக்கொண்டிருந்தார். அத்தனை பரிவான கைகளை நான் வேறெங்கும் கண்டதில்லை.