மார்லிஸின் சிவப்புப் புள்ளி

சாப்பிட உட்கார்ந்தால் மார்லிஸ் ஹொர்வாத் முதலில், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பிளாஸ்டிக் முள்கரண்டியைக் கணினித் திரைக்கு முன்னால் பிடித்துத் திருப்புவார். அதில் வானவில் நிறங்கள் ஓடும். "பாரு, வார்க்கும்போது எங்கெல்லாம் இழுபட்டுச்சோ அங்கெல்லாம் கலர்" என்பார். எதிரே இருப்பவரின் பியரோகிக் கொழுக்கட்டை ஆறிப்போகும். அமெரிக்காவில், ஒஹையோவின் அந்த ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பழகாதவர்கள் தனியாகத்தான் சாப்பிட வேண்டும்.

மூலக்கூறுகளை வரிசையாகப் படுக்கவைப்பது அவர் தொழில். கண்ணாடியில் சாயம் பூசி, ஒரே திசையில் அதிரும் ஒளியை அதன்மேல் பாய்ச்சுவார். சாய மூலக்கூறுகள் அந்த அதிர்வுக்குக் குறுக்காகத் திரும்பிப் படுத்துவிடும். "நேராப் படுன்னா குறுக்கப் படுக்கும். என் முதல் புருஷன் மாதிரி." மேலே பூசும், டிவி திரைகளில் இருப்பதுபோன்ற திரவப் படிகம் அந்த வரிசையை அப்படியே பின்பற்றும். இடத்துக்கு இடம் திசையை மாற்றி வரைந்தால், தட்டைக் கண்ணாடியே லென்ஸ் ஆகிவிடும்.

மேசை இழுப்பறையில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறார். நகத்துக்கு அல்ல. எது முன்பக்கம் என்று தெரிய, ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் ஒரு பொட்டு வைப்பார்.

உள்ளங்கை அகலத்துக்கு இப்படி ஒரு லென்ஸ் வரைய வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். அவ்வளவு பெரிதாக வராது என்று மற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். அது வந்துவிட்டது என்று காட்ட வேண்டிய காலையும் வந்தது. வேலையைத் தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று முடிவு சொல்ல நிதிக்குழுவின் லெனோர் பிரிட்சர்ட் வந்து நின்றார்.

சக ஆய்வாளர் டுவேன் லேசரைப் போட்டார். வெள்ளை அட்டையில் புள்ளி விழ வேண்டும். விழுந்ததோ தாம்பாளம் அளவுக்குப் பரந்த சிவப்பு. லெனோர் பையைத் தோளில் மாட்டினார். மார்லிஸ் கண்ணாடியைக் குனிந்து பார்த்தார்.

"என் பொட்டு எங்க?"

"நேத்து நீயேதான அசிட்டோன் ஊத்தித் தொடச்ச. நெயில் பாலிஷை வேற எதுல அழிப்பாங்களாம்?" என்றார் டுவேன்.

மார்லிஸ் நெற்றியில் அறைந்துகொண்டார். பிறகு கூடமே அதிரச் சிரித்தார்.

"டுவேன், கண்ணாடி புறமுதுகு காட்டிட்டு நிக்குதுடா!"

லேசரிலிருந்து வலமாகச் சுழன்று வரும் ஒளியை அந்த லென்ஸின் ஒரு பக்கம்தான் குவிக்கும், மறுபக்கம் விரித்துவிடும். மார்லிஸ் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினார். தாம்பாளம் சுருங்கிக் கடுகானது. நடுக்கமில்லாத, கூரான ஒரே புள்ளி.

"இன்னொரு தடவ திருப்புங்க" என்றார் லெனோர்.

திருப்பினால் தாம்பாளம். மறுபடி திருப்பினால் கடுகு. லெனோரின் பை மேசைக்கு இறங்கியது.

"ஒண்ணு வாங்கினா ரெண்டு லென்ஸா? சரி, அடுத்தது எவ்வளவு பெருசு?"

மார்லிஸுக்கு ஆடித் தீர்க்க வேண்டும்போல் சந்தோஷம். இழுப்பறையைத் திறந்து நெயில் பாலிஷை எடுத்தார். கண்ணாடியைத் தாண்டிப் போய், அட்டையில் ஒளி குவிந்திருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்து, ஊதி ஊதிக் காயவைத்தார்.