ஏழு புள்ளியில் தோற்ற கேப்டன்

சவுதியில், தம்மாமில் தொழிலாளர் கேம்ப்களுக்கு இடையே நடந்த கபடி லீக்கில்தான் அந்தக் கேப்டனைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும், ஒரு சைட்டில் ஃபோர்மேன். ஆடும்போது எதிராளியைவிட ஸ்கோர் போர்டைத்தான் அதிகம் பார்ப்பார்.

அந்த ஆண்டு ஒரு புது விதி வந்திருந்தது. ஏழு அல்லது அதற்கும் குறைவான புள்ளி வித்தியாசத்தில் தோற்றால், தோற்ற அணிக்கும் லீக் புள்ளிப் பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி உண்டு. கடைசி லீக் ஆட்டத்தில் அது கிடைத்தால் அவருடைய அணி இறுதிப்போட்டிக்குப் போகும்; கிடைக்காவிட்டால் ஜுபைல் அணி போகும். எதிரணி ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டது.

ஏழு புள்ளி பின்தங்கியிருந்தபோது ஆட்டம் திடீரெனச் சாதுவானது. பாடிப் போனவர்கள் யாரையும் தொடாமல் திரும்பினார்கள். எதிரணியினரும் அவர்களைப் பிடிக்கப் பாயவில்லை.

"டேய், கபடி ஆடுறீங்களா, வாக்கிங் போறீங்களா? கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, கப்பை ரூமுக்கே எடுத்துட்டுப் போங்கடா!" என்று ஓரத்திலிருந்து ஜுபைல்காரர் ஒருவர் கத்தினார்.

விசில் ஊதியதும் தோற்ற அணிதான் துள்ளிக் குதித்தது.

கேப்டனிடம் கேட்டேன். "அந்த டீமோட முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"என்ன சார் நீங்க! அந்த ஒரு பாயிண்ட் இல்லன்னா எங்க பசங்க பாதியிலயே சோர்ந்து போயிருப்பாங்க. கடைசிவரைக்கும் விறுவிறுப்பா வெச்சது அதுதானே?"

"கடைசியில யாருமே ஆடலையே."

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அடுத்த வருஷம் அந்த ரூலை எடுக்கச் சொல்லி நானே கமிட்டியில கேக்குறேன் சார்."

"ஏன்?"

"அடுத்த வருஷம் எங்க டீம் ஸ்ட்ராங்கா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கேலியாகச் சொன்னாரா, பேசி வைத்ததை ஒப்புக்கொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இறுதிப்போட்டியைப் பார்க்க நான் போகவில்லை.