கண்ணில் படாதவர்களிடம் வேலை வாங்கியவள்

சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தபோதுதான், தன் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை மேஸ்திரி கண்ணால் கண்டார். அதுவரை தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே, யாரோடோ பேச்சு. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் வருகிறது, நல்லதுதானே என்று இருந்துவிட்டார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு படுக்கையறை. கட்டில் ஒரு பக்கம், ஜன்னலை ஒட்டி அவளுடைய மேசை மறு பக்கம். ஹெட்போன் மாட்டினால் காது வலிக்கிறது என்று அவள் சத்தமாகவே வைத்துப் பேசுவாள். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவர் எல்லாவற்றையும் கேட்டபடி படுத்திருப்பார்.

ஆம்புலன்ஸ் அனுப்புகிற வேலை அது. ஒருவர் போன் செய்தால் பக்கத்தில் எந்த வண்டி சும்மா இருக்கிறது என்று பார்த்து, அந்த ஓட்டுநருக்கு வழியோடு தகவல் போக வேண்டும். பழைய ஏற்பாடு தடுமாறிக்கொண்டிருந்தது. புதியதை இவளும் இவளுடைய ஆட்களும் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் ஆளுக்கு ஓர் ஊர். ஒருத்தரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

மேஸ்திரி குரலை வைத்தே அவர்களுக்குப் பெயர் சூட்டிவிட்டார். பேச்சுக்கு நடுவே சேவல் கூவினால் அவர் சேவல்காரர். மடியில் குழந்தை சிணுங்கினால் அவள் கைக்குழந்தைக்காரி. எதைச் சொன்னாலும் "அது ஏன் அப்படி?" என்று குடைந்து கேட்கிறவன் கேள்விக்காரன்.

"நேர்ல பாக்காம எப்படி வேலை வாங்குற?" என்று ஒருநாள் கேட்டார். "என் ஆளுங்க நான் முதுகத் திருப்புனா கரண்டியக் கீழ வச்சிடுவானுங்க."

"நீங்க கரண்டியப் பாக்குறீங்க. எனக்குச் சுவர் எழும்பிச்சான்னு தெரிஞ்சாப் போதும்."

அவருக்கு அது பிடிபடவில்லை. வாய்ச்சவடால் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு காலைக் கூட்டத்தில் கேள்விக்காரன் எல்லாவற்றுக்கும் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்றான். நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று மேஸ்திரிக்குத் திருப்தி. அவளோ கூட்டம் முடிந்த கையோடு அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"என்னப்பா, குரலே சரியில்ல. வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

உடைந்த குரலில் பதில் வந்தது. "அப்பாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கேன்க்கா. ஒரு வாரமா வராந்தாவுல உக்காந்துதான் வேலை பாக்குறேன். சொன்னா வேலை என்னால நின்னுடுமேன்னு..."

"நிக்காது. எதை எங்க விட்ட, எதுல உனக்கே சந்தேகம், அதை மட்டும் எல்லாரும் பாக்குற இடத்துல எழுதி வச்சிட்டு லேப்டாப்ப மூடு. மத்தத நாங்க பாத்துக்கறோம். அப்பாகிட்டப் போ."

மதியத்துக்குள் அவன் வேலையைச் சேவல்காரரும் கைக்குழந்தைக்காரியும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவள் யாரையும் ஏவவில்லை. விஷயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். மேஸ்திரி, பல வருஷம் தோளோடு தோள் நின்று வேலை பார்க்கிற தன் ஆட்களில் எவன் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தனக்குத் தெரியுமா என யோசித்தார். ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

அப்பாவுக்குத் தேறியதும் கேள்விக்காரன் திரும்பி வந்தான். பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிடும் நாளும் குறித்தாயிற்று. அதற்கு முன்னால் நடந்த கூட்டத்தில் அவள் சொன்னதை மேஸ்திரி வெகுகாலம் மறக்கவில்லை.

"அன்னைக்கு எனக்கு ஏதாவது ஆகி நான் இல்லேன்னா, கைக்குழந்தைய வச்சிருக்காளே, அவதான் முடிவு எடுப்பா. அவ நிறுத்துன்னா நிறுத்தணும். அப்புறமா வந்து ஏன் இப்படிப் பண்ணீங்கன்னு யாரையும் கேக்க மாட்டேன்."

அந்த நாளும் வந்தது. காலையில் அவள் தலை குளித்து, டம்ளரில் காபியோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். எல்லோரும் வந்தாயிற்று. "ஆரம்பிக்கலாமா?" என்று கைக்குழந்தைக்காரி கேட்டாள். அத்தோடு திரை உறைந்தது. குரல் அறுந்தது. கைபேசியிலும் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

மேஸ்திரி ஊன்றுகோலை ஊன்றி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தெருமுனையில் குழாய் பதிக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள், இணையத்துக்கும் செல்போன் டவருக்கும் சேர்த்துப் போன கேபிள் அறுந்து கிடக்க, அதைச் சுற்றி நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

"அடப்பாவிங்களா!" என்று கத்தினார். "இன்னைக்குப் பாத்தா!"

அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் லேப்டாப்பை நிதானமாகப் பையில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக் காரை எடுக்க வைத்தாள். மேஸ்திரியும் விடவில்லை, கட்டுக்காலோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர்தான் புலம்பினார். "நீ இல்லாம ஆளுக்கொரு பக்கம் இழுப்பாங்க. எங்கயோ ஒருத்தன் மூச்சுக்குத் தவிச்சிட்டு இருப்பான், வண்டி போகாது." அவள் மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

பெரிய சாலையில் ஒரு டீக்கடை அருகே கைபேசிக்கு உயிர் வந்தது. காரை ஓரம் கட்டி, அவள் மடியிலேயே லேப்டாப்பைத் திறந்தாள்.

கூச்சல் இருக்கும் என்று மேஸ்திரி காதைத் தீட்டிக்கொண்டார். கூச்சலே இல்லை. வேலை நடக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அக்கா வந்துட்டீங்களா," என்றாள் கைக்குழந்தைக்காரி. "ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற வண்டிய இந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுச்சு. இவன்தான் கவனிச்சு, ஏன் அப்படின்னு கேட்டான். நான் நிறுத்திப் பழசுக்கே மாத்திட்டேன். ஒரு போன்கூடத் தவறல. இப்பச் சரி பண்ணியாச்சு, மறுபடி விடப் போறோம். ஏதாவது சொல்லணுமாக்கா?"

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. "ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "நீயே நடத்து. நான் பாத்துட்டு இருக்கேன்."

முன்சீட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார் மேஸ்திரி. திரையில் ஊரின் வரைபடம், அதில் சின்னச்சின்னப் புள்ளிகள். ஒரு புள்ளி அசைந்தது. தெருவைக் கடந்தது, பாலத்தில் ஏறியது, ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது.

"ஆள ஏத்திட்டாங்க," என்றார் சேவல்காரர்.

ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத சில பேர், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, தாங்கள் என்றுமே பார்க்கப்போகாத ஒரு மனிதரின் வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களைக் கோத்து வைத்தவளோ சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். மாடிமேல் மாடியாக எத்தனையோ எழுப்பியவர் அவர். இப்படி ஒன்று எழும்பி அவர் பார்த்ததில்லை.

"உனக்கு பயமா இல்லையா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"உயிரே போயிடுச்சு," என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இப்பவும் வாய் துடிக்குது, அதச் செய் இதச் செய்னு சொல்ல. அடக்கறதுதான் பெரிய பாடா இருக்கு."

பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். மேஸ்திரி தன் டம்ளரைத் தொடாமல் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் கூடி வேலைக்குப் போன முதல் நாள், மூத்த கொத்தனாரிடம் அளவைச் சொல்லிவிட்டு மேஸ்திரி கட்டிடத்தின் மறுபக்கம் போய் நின்றார். எட்டிப் பார்க்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டார். மத்தியானம் வந்து பார்த்தால் ஜன்னல் தப்பான இடத்தில் இருந்தது. வழக்கம்போல் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

சாயங்காலம் அதை அவளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கும் ஆரம்பத்துல எல்லாமே தப்பாத்தாங்க போச்சு. கொத்தனாரு என்ன புரிஞ்சிக்கிட்டாருன்னு அவரு வாயாலயே ஒருதடவ சொல்லச் சொல்லிக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கிறேன் என்றார்.