இரண்டு தண்ணீருக்கு நடுவே இரண்டு சுவர்

கொதிக்கும் தண்ணீருக்குப் பக்கத்தால் குளிர்ந்த தண்ணீர் ஓடினால் கொதி தணியும் என்பது எனக்கு நான்கு நாட்களாகத் தெரியாமல் போயிற்று. வயது ஐம்பத்திரண்டு. உடுப்பிட்டியில் வீட்டு முன்னறையில் இருந்தபடி, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்காக, இதே சூட்டைக் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பதுதான் எனக்குத் தொழில்.

மனைவியின் தமையனுக்கு வல்வெட்டித்துறையில் ஒரு வள்ளம், உள்ளே எஞ்சின் பூட்டியது. எஞ்சினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரைக் கடல் தண்ணீரால் ஆற்றும் கருவி உப்பரித்து ஓட்டையாகிவிட்டது. புதியது கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆகும். அதற்குள் வாடைக்காற்று எழும்பிவிடும், பிறகு கடலுக்குப் போக ஏலாது. ஊர் மெக்கானிக் ஒரு வழி சொல்லியிருந்தார்: பெரிய குழாய்க்குள் ஒரு செப்புக் குழாய், உள்ளே எஞ்சின் தண்ணீர், வெளியே கடல் தண்ணீர். எத்தனை அடி போதும் என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க, படித்த ஆள் என்று மச்சான் என்னிடம் வந்தார்.

"நாலடி காணுமோ மச்சான்? நடுக்கடலிலை எஞ்சின் கொதிச்சு நிண்டால் நீந்தித்தான் வரவேணும்."

"பொறும். வாயாலை சொல்லேலாது. ஓட்டிப் பாக்கவேணும்."

"எதை?"

"கம்ப்யூட்டரிலை."

"ஓ, கரையிலை இருந்து ஓட்டுறது. நல்லது," என்றார்.

அன்று மத்தியானம் வரைந்தேன். மேலே மின்விசிறி சுற்றியது. உள்ளே ஓடும் தண்ணீருக்குச் சிவப்பு, வெளியே ஓடும் தண்ணீருக்கு நீலம். கணக்கு மெல்ல மெல்ல நகர, இரண்டும் திரையில் ஓடத் தொடங்கின. சத்தமில்லாத ஓட்டம். வெயிலில் யன்னல் சீலை ஊதிப் பெருத்து அடங்கியது, அதுவும் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து ஓடுவதுபோல் இருந்தது. நான் சிவப்புக்குள் ஒரு துளியாகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் நீலம் வந்துகொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஒன்றும் கதைக்கவில்லை. விழித்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் தடம், திரையில் விடை.

சிவப்பாகப் போன தண்ணீர் சிவப்பாகவே வெளியேறியிருந்தது. எட்டடி போட்டேன். இருபதடி போட்டேன். அதே சிவப்பு. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வந்ததோ பரவசம். இவ்வளவு நீளம் ஓடியும் தன் நிறம் மாறாத தண்ணீர்!

"இருபதடியும் காணாது," என்று மச்சானுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "செப்புக் குழாயை விடும். கொழும்புச் சாமான் வரட்டும்."

"நீர் சொன்னால் சரி," என்று அவர் வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டார். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. எதிர்த்துக் கேட்கவேயில்லை.

அடுத்த நாட்களில் மற்ற வள்ளங்களுக்கு அறக்குளா மீன் வேண்டிய மட்டும் பட்டது. செய்தியை மனைவி சோற்றோடு கொண்டுவந்து வைப்பாள். "அண்ணை மணலிலை இருந்து மற்றவையின்ரை மீனை எண்ணுறாராம்," என்பாள். தட்டில் கத்தரிக்காய் இருக்கும்.

நாலாம் நாள் திரும்பவும் அந்தப் படத்தைத் திறந்தேன், ரசிக்கத்தான். அப்போதுதான் இலக்கங்களைப் பார்த்தேன். எண்பத்திரண்டு பாகையில் உள்ளே போன தண்ணீர் எண்பத்திரண்டிலேயே வெளியே வந்திருந்தது. தசமத்துக்குப் பின்னால்கூட ஒரு புள்ளி அசையவில்லை. ஒரு குழாய் மோசமாக இருக்கலாம், இவ்வளவு பிடிவாதமாக இருக்க முடியாது. படத்தைப் பெருப்பித்தேன். இன்னும் பெருப்பித்தேன். சிவப்புக்கு ஒரு சுவர், நீலத்துக்கு ஒரு சுவர், நடுவில் மயிரிழை இடைவெளி.

தலையை நிமிர்த்தி யன்னலால் பார்த்தேன். எங்கள் மதில். அதற்கு ஒரு சாண் தள்ளிப் பக்கத்து வீட்டு மதில். இடையில் பூனை மட்டும் போகும். எங்கள் ஊரில் கலியாணம்கூடப் பேசி முடிக்கலாம், பொதுமதில் பேசி முடிக்கேலாது. அவரவர் காணிக்குள் அவரவர் கட்டுவோம். இரண்டுக்கும் ஒரு சுவர் போதும் என்ற எண்ணமே என் கைக்கு வரவில்லை. கை தன் பாட்டில் இரண்டு கட்டியிருந்தது.

ஒரு சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நாம் சொல்லாவிட்டால், அப்பால் ஒன்றுமே இல்லையென்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். சூட்டில் ஒரு துளியையும் வெளியே விடாது. நான் இரண்டு பக்கமும் சொல்லவில்லை. இடைவெளியை அழித்து ஒற்றைச் சுவராக்கினேன். மெல்லிய செப்புத்தானே, இரு பக்கமும் ஒரே வெப்பநிலை என்று வைத்தேன். இந்தப் பக்கம் விட்ட சூடு அவ்வளவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவேண்டும் என்றும் எழுதினேன். எல்லை நிபந்தனை என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான்.

திரும்ப ஓட்டினேன். சிவப்பின் ஓரம் முதலில் செம்மஞ்சளானது. நீலம் அதை வாங்கி மெல்லப் பச்சையானது. போகப்போக இரண்டும் ஒன்றை ஒன்று நினைத்துக்கொண்டு போவதுபோல் வெளிறின. நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு பார்த்திருந்தேன். நாலடி காணும்.

"மச்சான், நாலடி காணும்."

போனில் கடல் இரைச்சலுக்கு மேலால் அவர் குரல் கேட்டது.

"அண்டைக்கு இருபதும் காணாது எண்டனீர்."

"அது… ரெண்டு தண்ணிக்கும் நடுவிலை நான் ரெண்டு மதில் கட்டிப்போட்டன்."

"ஆரின்ரை காணியிலை?"

விளங்கப்படுத்த முயன்றேன். அவர் அதற்குள் மெக்கானிக்கிடம் போய்விட்டார்.

மறுநாள் குழாய் ஒட்டி முடிந்தது. அதற்கடுத்த நாள் காலை நான் கரையில் நின்றேன். வெயில் இன்னும் ஏறவில்லை. கடலும் வானமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத வெளிச்சத்துக்குள் இருந்து வள்ளம் ஆறுதலாக வந்தது. பாதிப் பெட்டி மீன். எஞ்சின் சீராக ஓடியது, தண்ணீர் கொதிக்கவில்லை. புதுக் குழாயின் மேல் கையை வைத்தேன். சந்தோசத்தில், சிவப்பு எப்படி வெளிறியது, நாலடி எப்படிக் கணக்காக வந்தது என்று சொல்லத் தொடங்கினேன்.

மச்சான் கடைசி மீனையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஓம் ஓம், மெக்கானிக்கிட்டை நாலடி எண்டு சொன்னனான்தான். அந்தாளின்ரை கடையிலை கிடந்தது ஆறடித் துண்டு. வெட்டினால் வீண் எண்டு அப்பிடியே பூட்டிப்போட்டார்."