கழுத்துப் பட்டையோடு கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர். எனக்குப் பழகிய சாலைதான். ஆனால் சென்ற தை மாதம் என் மனைவி கஸ்தூரியின் அறுவைச் சிகிச்சைக்காகப் போனபோது வழி முழுக்கப் பயமாக இருந்தது. இதே காரணத்துக்காகக் கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கஸ்தூரி பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண். மீன் ஆயும்போது கத்தி கையிலிருந்து நழுவத் தொடங்கியது. பிறகு நடையும் தள்ளாடியது. ஸ்கேன் பார்த்த டாக்டர், கழுத்தின் இரண்டாவது எலும்பு மேலேறி, மண்டையோட்டின் அடியில் புகுந்து தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார். பிறவியிலேயே அமைப்பு அப்படியாம். பலமாகக் குலுங்கினால் கை கால் செயலிழந்துவிடலாம் என்றும் சொன்னார்.

ரயிலில் கூட்டம் இடிக்கும் என்று கார் பிடித்தோம். வாடகை 1,800 ரூபாய். ஓட்டுநர் தசரதன் சோழவரத்துக்காரர். டாக்டர் கஸ்தூரிக்கு மாட்டிவிட்டிருந்த கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு, “இன்னா நைனா, எங்கனா உழுந்துட்டாங்களா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“நாப்பதுக்கு மேல போவ மாட்டேன். பின்னாடி எவன் ஆரன் அடிச்சாலும் நீ கண்டுக்காத.”

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். கவரைப்பேட்டை தாண்டியதும் ஒரு லாரி குறுக்கே புகுந்தது. தசரதன் பிரேக்கை மிதித்தார். கஸ்தூரியின் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

“கை மரத்துப்போச்சுயா,” என்றாள்.

தசரதன் வண்டியை ஓரங்கட்டினார். “வெரல அசைச்சுப் பாரும்மா,” என்றார். விரல்கள் அசையவில்லை. சற்று நேரம் கழித்து ஒவ்வொரு விரலாக அசைந்தது. அதற்குப் பின் சென்னை வரை அவள் தலையிலிருந்து நான் கையை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அறுவைச் சிகிச்சை. பிடரிப் பக்கம் திறந்து, மேலேறிய எலும்பைக் கீழே இறக்கி, மண்டையோட்டையும் கழுத்தெலும்புகளையும் திருகாணி, கம்பி வைத்து இணைத்தார்கள். காலையில் உள்ளே போனவள் பொழுது சாயும்போதுதான் வெளியே வந்தாள். மறுநாள் என் விரலைப் பிடித்து நெரித்தாள். “வலிக்குதாயா?” என்றாள். வலித்தது. சந்தோஷத்தில் இன்னொரு கையையும் நீட்டினேன்.

திரும்பி வரும்போதும் தசரதன்தான். காரனோடையில் டீ குடிக்க இறங்கினோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள், நான் கேட்கவில்லை. லாரிகள் பெருகுமுன் கிளம்புங்கள். பட்டையை நீங்களாகத் தளர்த்தாதீர்கள். இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் கழுத்து முன்போலத் திரும்பாது. அது தெரிந்தும் காரனோடையில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். கஸ்தூரி கால்களை மெதுவாக நகர்த்தி, முழு உடம்போடு என் பக்கம் திரும்பினாள்.

“இனிமே எதிர்ல வந்து நின்னு பேசுயா,” என்றாள். “நானும் உன் மூஞ்சியப் பாத்துக்கினே பேசுவேன்ல.”